இங்கே மட்டும் கருப்பு வெள்ளை

ஆடி முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தபால்காரர் அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். ரத்தினம்மாள் வாசலிலேயே பிரித்தாள். உள்ளே ஒரு டிஸ்க் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அனுப்பியவன் தணிகைவேல். அவள் கணவருடைய அண்ணன் வேதாசலத்தின் மகன். நியூஜெர்சியில் வேலை. வைகாசியில் ரத்தினம்மாளின் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நடந்தபோது வந்திருந்தான். அங்கே வாங்கிய கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றினான். அவன் எடுத்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கல்யாணத்துக்கு என்று எடுத்த வீடியோ வேறு. அது ஸ்டுடியோ இளங்கோவன் எடுத்தது. ஆனி பிறந்ததும் அந்த டிஸ்க் வீட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியின் மேல் மலைக்கோயில் கோபுரமும் மணமக்களும் இருந்தார்கள். உள்ளே எல்லாரும் இருந்தார்கள். ரத்தினம்மாள் இல்லை.

கவிதா ஒன்பதாவது படிக்கும்போது ரத்தினம்மாளின் கணவர் இறந்துபோனார். அதனால் கல்யாணத்தில் கன்னிகாதானம் செய்தது வேதாசலமும் அவர் மனைவி மணியம்மையும். தாலியில்லாதவள் மேடையேறுவதில்லை. ரத்தினம்மாள் பந்தி நடக்கும் கூடத்தில் நின்றிருந்தாள். தாரை வார்க்கும் நேரத்தில் கவிதா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அம்மா வந்து தண்ணீர் ஊற்றட்டும் என்றாள். புரோகிதர் வேதாசலத்தைப் பார்த்தார். வேதாசலம் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. யாரோ வந்து ரத்தினம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் மேடையேறி, மணியம்மையின் கையிலிருந்த செம்பை வாங்கி, மகளின் கைமேல் ஊற்றினாள். அன்று அவள் கட்டியிருந்தது அரக்குச் சேலை. கவிதா அம்மையார்குப்பத்துக்குப் போய், தறிக்காரர் வீட்டிலேயே பார்த்து எடுத்து வந்தது.

இளங்கோவனின் வீடியோவில் கவிதா கையைப் பின்னுக்கு இழுக்கும்போது படம் நாதஸ்வரக்காரர்களிடம் போய்விடும். அவர்கள் கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். படம் மேடைக்குத் திரும்பும்போது மாப்பிள்ளையின் கை நனைந்திருக்கும்.

வேதாசலம் சொல்லித்தான் வெட்டினான். அவர் அதை மறைக்கவில்லை. நாளைக்கு நாலு பேர் பார்ப்பது, எதற்குப் பேச்சு என்றார்.

ஆனி நடுவில் கவிதா புத்தூரிலிருந்து போன் செய்தாள். மாமியார் சாய்லக்ஷ்மி அந்த டிஸ்க்கை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி முழுக்கப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு அம்மா இல்லையா என்று கேட்டிருக்கிறாள். பெரியப்பா பெரியம்மாதான் எல்லாம் என்று சாய்லக்ஷ்மி சொல்லிவிட்டார்.

"நான் அங்கதான் உக்காந்துகினு இருந்தேன்," என்றாள் கவிதா.

அன்றைக்கே ரத்தினம்மாள் தணிகைவேலுக்குப் போன் போட்டாள். ஆடி மாதம் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். கிருத்திகைக்கு மலைக்கு வரும்போது நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதற்குள் நீ எடுத்தது டிஸ்க்கில் வேண்டும் என்றாள். அனுப்புகிறேன் சின்னம்மா என்றான்.

அதுதான் இப்போது வந்திருந்தது.

அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூடம், ஒரே டிவி. அவள் டிஸ்க்கைப் பிளேயரில் போட்டாள். பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றி முனகியது. திரை நீலமானது. தெரியாத டிஸ்க் என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது. துடைத்துப் போட்டாள். அதுவே வந்தது.

மத்தியானம் ம.பொ.சி. சாலையில் இருந்த இளங்கோவனின் ஸ்டுடியோவுக்குப் போனாள். அவன் கம்ப்யூட்டரில் போட்டான். உடனே ஓடியது. மண்டபம், மாலை, கவிதா. பிறகு அவள். சேலை நன்றாகச் சிவந்திருந்தது. இளங்கோவன் தான் வெட்டியதைத் தானே பார்த்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

இது கம்ப்யூட்டர் ஃபைல், அப்படியே ஏற்றி அனுப்பியிருக்கிறார், வீட்டுப் பிளேயருக்கு இது புரியாது, டிவிடியாகச் செய்ய வேண்டும் என்று சொன்னான். மறுநாள் செய்து கொடுத்தான்.

இந்த டிஸ்க் வீட்டு டிவியில் ஓடியது. படம் ஒருமுறை மேலே நழுவி நின்றது. கருப்பு வெள்ளையாக இருந்தது.

வேதாசலம் வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மணியம்மை அடுக்களை வாசலில் நின்றாள். திரையில் ரத்தினம்மாள் மேடையேறினாள். சேலை சாம்பலாக, ஒளி பட்ட இடத்தில் வெள்ளையாக இருந்தது. செம்பை வாங்கினாள். ஊற்றினாள். வேதாசலம் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"நல்லா இருக்குது, ரத்தினம்," என்றார். "இதையே வெச்சிக்கலாம். சம்மந்தி வந்தா நானே போடறேன். நீ தண்ணி ஊத்தறதும் இருக்கட்டும். வெள்ளையா தெரியறதுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் விட்டுக்கொடுத்துத்தான் பேசினார். அது அவளுக்குத் தெரிந்தது. மணியம்மையின் முகத்தில்கூட ஒரு நிம்மதி வந்திருந்தது.

"நான் வெள்ள கட்டலயே பாவா."

"டிவில அப்படித்தான தெரியுது."

"அப்ப டிவி பொய் சொல்லுது," என்று டிஸ்க்கை வெளியே எடுத்தாள்.

மறுபடி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனாள். இளங்கோவன் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். சிவப்பு. டிஸ்க்கில் குறையில்லை, உங்கள் டிவி பழசு என்று சொல்லி அனுப்பினான். வீட்டுக்கு வந்து அவன் எடுத்த கல்யாண டிஸ்க்கை அதே டிவியில் போட்டாள். நாதஸ்வரக்காரரின் துண்டு பச்சையாக இருந்தது. மாலையில் ரோஜா ரோஜாவாக இருந்தது. டிவியில் குறையில்லை. பின்னாலிருக்கும் ஒயர்களைப் பிடுங்கி, மஞ்சளை மஞ்சளில், சிவப்பைச் சிவப்பில் பார்த்துச் செருகினாள். தணிகைவேல் எடுத்தது மறுபடியும் கருப்பு வெள்ளை. எதிர்வீட்டு டிவியில் கொண்டுபோய்ப் போட்டாள். அங்கேயும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரி, பழைய படம் மாதிரி அழகாக இருக்கிறதே என்றாள்.

தணிகைவேலிடம் போனில் கேட்டாள். இங்கே கலரில்தான் வருகிறது என்றான். அமெரிக்காவில் கலர். கடைத்தெருவில் கலர். இந்தத் தெருவில் மட்டும் கருப்பு வெள்ளை.

வெள்ளிக்கிழமை காலையில் டிவிடி பிளேயரைத் துண்டில் சுற்றி ஒயர்க்கூடையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். கம்ப்யூட்டரில் போடாதே, இதில் போட்டு உன் டிவியில் காட்டு என்றாள். மூலையில் அவனிடம் ஒரு சின்ன டிவி இருந்தது. இணைத்தான். கருப்பு வெள்ளை.

இளங்கோவன் டிவிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிறகு கம்ப்யூட்டருக்குப் போய் ஏதேதோ திறந்து பார்த்தான். யாருக்கோ போன் செய்தான். வைத்துவிட்டுச் சிரித்தான்.

அமெரிக்காவில் டிவிக்கு ஒரு முறை, இங்கே வேறு முறை. அங்கத்தியதன் பெயர் என்டிஎஸ்சி, இங்கத்தியதன் பெயர் பிஏஎல். கம்ப்யூட்டர் இரண்டையும் காட்டும். அங்கே வாங்கிய கேமராவில் எடுத்தது அங்கத்திய முறையில் இருக்கிறது. எடுத்தது எப்படியோ அப்படியே இருக்கட்டும் என்று இளங்கோவன் மாற்றாமல் டிவிடி போட்டுவிட்டான்.

"அவங்க கலரு நம்ம டிவிக்குப் படிக்கத் தெரியாதுக்கா. உருவம் வரிக்கும்தான் படிக்கும். நம்மளுது தமிழ் மீடியம்."

"மாத்த முடியுமா?"

முடியும் என்றான். முழுவதையும் திரும்ப ஏற்ற வேண்டும். நாள் பூராவும் ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. மாற்றினால் அசைவு கொஞ்சம் விட்டுவிட்டு வரும், ஊற்றுகிற தண்ணீர் ஆடும். இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைத்தான்.

"பெரியவரு நேத்து வந்துட்டுப் போனாரு," என்றான் கடைசியில். "அது அப்படியே இருக்கட்டும், கை வெக்காதன்னாரு. ஆர்.கே.பேட்டை வரிக்கும் அவரு சொன்னாத்தான் கல்யாணத்துக்கு என்னக் கூப்புடறாங்க. நீங்களே சொல்லுங்கக்கா."

"வெட்டச் சொன்னாரு, வெட்டுன."

"ஆங்."

"கன்னிகாதானம் பண்றப்ப தண்ணி ஊத்துனது யாருன்னு நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"அவ எந்தக் கலரு கட்டினு இருந்தா?"

ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போட்டிருந்த ஸ்டூலில், நீலத்திரைக்கு முன்னால், ரத்தினம்மாள் உட்கார்ந்தாள். மாற்றி முடிக்கும்வரை எழுந்திருக்கப்போவதில்லை என்றாள். இளங்கோவன், வாடிக்கையாளர் வருவார்கள் என்றான். வரட்டும் என்றாள்.

வந்தார்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு பெண் போட்டோ எடுக்க வந்தபோது எழுந்து இடம் விட்டாள். எடுத்து முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். காவடிக்குப் பூ வாங்க வந்த சித்தூர்க்காரர்கள் மூன்று பேர் மொட்டைத் தலையோடு சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எழுந்தாள். நாலாவது தடவை அவள் எழுந்து உட்கார்ந்தபோது இளங்கோவன் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

மத்தியானம் கரண்ட் போனது. பாதிக்கு மேல் ஏறியிருந்தது. பேட்டரிப் பெட்டி கத்திக்கொண்டே இருந்து நின்றது. நாளைக்கு வாருங்கள் என்றான். அவள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தான். இப்போது அவனுக்கும் ஒரு பிடிவாதம் வந்திருந்தது. சாப்பிடக்கூடப் போகவில்லை.

இன்னொன்று கேட்டாள். இந்த டிஸ்க் புத்தூரிலும் ஓட வேண்டும். அங்கே என்ன பிளேயர் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்றான். கடை போனிலிருந்து கவிதாவைக் கூப்பிட்டாள். கவிதா குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிளேயரின் முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பின்னால் யாரோ தெலுங்கில் என்ன தேடுகிறாய் என்று கேட்பது கேட்டது. தூசி துடைக்கிறேன் என்றாள் கவிதா. இளங்கோவன் கேட்டுக்கொண்டு, அது பழைய மிஷின், வெற்று டிஸ்க்கில் இரண்டு வகை, பிளஸ் குறி போட்டதைப் படிக்காது, மைனஸ் குறி போட்டதைத்தான் படிக்கும் என்றான். அலமாரியில் தேடி அந்த மாதிரி இரண்டு எடுத்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முதல் டிஸ்க் வந்தது. ரத்தினம்மாளின் பிளேயரில், மூலையிலிருந்த சின்ன டிவியில் போட்டார்கள். தண்ணீர் ஆடி ஆடித்தான் விழுந்தது. சேலை அரக்காக இருந்தது.

"ஆடுதுக்கா," என்றான் இளங்கோவன்.

"ஆடட்டும்."

கிருத்திகையன்று விடியும் முன்பே தெருவில் அரோகரா கேட்கத் தொடங்கிவிட்டது. புத்தூர்க்காரர்கள் மலையேறி இறங்கி, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, சாய்லக்ஷ்மி, அவர் கணவர், கூட உறவுக்காரர்கள் சிலர். கவிதா நேராக அடுக்களைக்கு வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

சாப்பிட்டு வெற்றிலை போட்டதும் வேதாசலம் டிவிக்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்தார். அமெரிக்காவிலிருந்து பிள்ளை அனுப்பியது, இதில் ரத்தினமும் இருக்கிறாள் என்று சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கருப்பு வெள்ளை டிஸ்க்கை அவரே எடுத்துப் போட்டார்.

மண்டப வாசல் சாம்பல் நிறத்தில் வந்தது. ரத்தினம்மாள் அடுக்களையிலிருந்து வந்து, பிளேயரின் முன்னால் குனிந்து அதை வெளியே எடுத்தாள். தன்னுடையதை வைத்து உள்ளே தள்ளினாள்.

சம்பந்திகள் முன்னால் வேதாசலத்தால் தடுக்க முடியவில்லை. வாழைமரம் பச்சையாக வந்தது. கவிதாவின் கூரைப்புடவை மஞ்சளாக வந்தது. மேடைக்காட்சி நெருங்கியபோது அவர் ரிமோட்டை எடுத்தார். படம் வேகமாக ஓடியது. மனிதர்கள் ஓடி ஓடி ஆசீர்வதித்தார்கள். ரத்தினம்மாள் போய் பிளேயரின் பொத்தானை அழுத்திப் பின்னுக்குக் கொண்டுவந்தாள். அவர் மறுபடி ஓட்டினார். அவள் மறுபடி பின்னுக்குக் கொண்டுவந்தாள். பிறகு அங்கிருந்து நகரவில்லை. ரிமோட்டுக்கும் பிளேயருக்கும் நடுவில் நின்றாள்.

"குடுத்துடு பெரியப்பா," என்று கவிதா கையை நீட்டினாள். வேதாசலம் ரிமோட்டைத் தரவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

திரையில் கவிதா கையைப் பின்னுக்கு இழுத்தாள். படம் நாதஸ்வரக்காரர்களிடம் போகவில்லை. அரக்குச் சேலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறியது. செம்பு கைமாறியது. மணியம்மை திரையிலிருந்த தன் கையையே பார்த்தாள். சாய்லக்ஷ்மியோடு வந்த உறவுக்காரி அவர் காதருகே குனிந்து தெலுங்கில் ஏதோ கேட்டாள். சாய்லக்ஷ்மி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ரத்தினம்மாள் அலமாரியிலிருந்து இரண்டாவது டிஸ்க்கை எடுத்து வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே சாய்லக்ஷ்மியிடம் நீட்டினாள்.

"இது உங்க வீட்டு மிஷினுக்குன்னு கேட்டு செஞ்சது, சம்மந்தியம்மா. கலருலயே வரும். வர்றவங்களுக்கு இனிமே இதப் போடுவீங்களா?"