சர்வருக்கு வைத்த சந்தனம்

எங்கள் மேலாளர் பூவராகவன் சாருக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று, பெரியபாளையத்து பவானி அம்மன். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் எதன்மீதும் கை வைக்கக் கூடாது என்பது. என் பிழைப்போ ஓடுவதன்மீது கை வைப்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள இந்த இரும்புக் கம்பி ஆலையில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரே ஜீவன் நான், திலகவதி. அதுவும் கான்ட்ராக்டில்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஓர் எச்சரிக்கை வந்தது. சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள் போனிலேயே டோக்கன் போடுவார்கள் அல்லவா, அதை வாங்கிக்கொள்ளும் எங்கள் சர்வரின் நெட்வொர்க் சாஃப்ட்வேரில் ஓட்டையாம். வேலையில்லாத எவனாவது எங்கேயோ உட்கார்ந்து அரைகுறை இணைப்புகளாக அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும், சர்வர் திணறி நின்றுவிடும். ஓட்டையை அடைக்கும் பேட்சும் கூடவே வந்திருந்தது. ஆனால் அதைப் போட சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும்.

போன மாதம் கரண்ட் கோளாறில் சர்வர் படுத்துக்கொண்டபோது லாரிகள் ஹைவே வரை வரிசையாக நின்றன. அன்றைக்கே சார் சொல்லிவிட்டார், "இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா மேலிடத்துல உன்ன வெச்சிக்க மாட்டாங்கம்மா." ஆக, பேட்ச் போட்டு ஏடாகூடம் ஆனாலும் என் வேலை போகும், போடாமல் விட்டு எவனாவது படுக்க வைத்தாலும் என் வேலை போகும். நல்ல கம்பெனி!

ஆயுத பூஜை அன்று லாரி வராது. அதற்காகவே காத்திருந்து சர்வர் அறைக்குப் போனால், சார் எனக்கு முன்பே வந்து போயிருக்கிறார். சர்வரின் நெற்றி என்று அவர் கருதிய இடத்தில் சந்தனம், குங்குமம். கழுத்து என்று கருதிய இடத்தில் சாமந்தி மாலை. தலையில் ஒரு எலுமிச்சம்பழம்.

பொரி தின்றுகொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"சார், இன்னிக்கு பேட்ச் போட்டுடட்டுமா?"

"சாமி கும்ட்ட மிசினும்மா அது. நாளைக்கு எடுக்கற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது."

"அது ஓடிக்கினுதான் சார் இருக்குது."

"ஓடட்டும். நீ தொடாத. ஆமா, அப்டி இன்னாதான் பேஜாரு அதுல?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு நன்றாக விளக்க வரும்.

"ஆடி மாசம் பெரியபாளையம் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பாங்கல்ல? ஒருத்தன் எல்லா சீட்டுலயும் துண்டு போட்டுட்டு ஏறவே இல்லன்னு வெச்சிக்கோங்க. பஸ்ஸு காலி. ஆனா யாராலயும் உக்கார முடியாது. அதான் சார் நம்ம சர்வருக்கு ஆவப் போறது."

சார் பொரியை மெல்வதை நிறுத்தினார். "கண்டக்டர் துண்ட தூக்கி வெளிய கடாச மாட்டானா?"

"நம்ம பஸ்ல அந்த மாதிரி கண்டக்டரே இல்ல சார். பேட்ச் போட்டா வந்துடுவாரு."

அவர் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. விடவில்லை நான். "நாளைக்கு விஜயதசமி. புதுசா எது தொடங்கினாலும் நல்லதுன்னு நீங்கதான சொல்வீங்க? காலைல லாரி வர்றதுக்கு முன்ன, உங்க கையால நீங்களே தொடங்கி வெய்ங்க சார்."

பணிவு சொட்டச் சொட்டத்தான் சொன்னேன். உள்ளுக்குள் கணக்கு வேறு. அவர் கை பட்டுவிட்டால், நாளை ஏதாவது ஆனாலும் என்னைத் தனியாகப் பலி கொடுக்க முடியாது அல்லவா?

மறுநாள் நாஷ்டாவைக்கூட முடிக்காமல் வந்துவிட்டார். கற்பூரம் காட்டினார். புகை வந்தால் அலாரம் அடிக்கும் என்று கெஞ்சி அணைக்க வைத்தேன். எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, "என்டர் தட்டுங்க சார்" என்று நகர்ந்து நின்றேன்.

விரலை நீட்டியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன எதுக்கு தட்டச் சொல்றன்னு தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

நான் சர்வரின் மாலையைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"புட்டுக்கிச்சின்னா நான்தான் தட்டினேன்னு சொல்லிக்கறேன். நான் பர்மனென்ட்டு, திட்டுவாங்க, அவ்ளோதான். உன்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க." தட்டிவிட்டார்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. திரை கறுத்தது. கறுத்தபடியே இருந்தது. வெளியே முதல் லாரியின் ஹாரன் கேட்டது. சார் "தாயே பவானி" என்றார். அந்த நேரத்துக்கு என்னிடமும் வேறு தொழில்நுட்பம் இல்லை, நானும் "தாயே" என்றேன். அப்புறம் ஒருவழியாக எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. லாரிக்கு டோக்கன் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சார் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு மேலிடத்துக்குப் போன் போட்டார். எல்லாம் தானே செய்ததாகச் சொல்லி மாலை மரியாதை முழுவதையும் வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"சார், சர்வருல ஒரு ஓட்ட இருந்திச்சி. திலகவதி கண்டுபுடிச்சி அடச்சிடுச்சி. நானா? நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன்."