மூன்றடுக்கு கேக்கும் முரண்டு பிடித்த சுவிட்சும்

காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் காரின் ஏசி கையை விரித்துவிட்டது. சுவிட்சை அழுத்தினேன். காற்று வந்தது, குளிர் வரவில்லை. டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டு வைத்தேன். ஆறு மாதமாக அந்தத் தட்டுக்கு அடங்கி நடந்த ஏசி அன்றைக்கென்று அசைந்து கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் வெண்ணெய் க்ரீம் பூசிய மூன்றடுக்கு கேக் தயாராக இருந்தது. ஒரு மணிக்குப் புதிய ஹோட்டல் ஒன்றின் திறப்பு விழா மேஜையில் அது நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்குப் பதினொன்றரைக்காவது கிளம்ப வேண்டும். வழி முழுக்க மண்டையைப் பிளக்கும் வெயில்.

அந்த ஹோட்டலின் தலைமைச் சமையல்காரரிடம்தான் நான் முன்பு வேறொரு ஹோட்டலில் வேலை பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன் என் உயரமான கேக் ஒன்று வேனிலிருந்து இறங்கும்போதே சரிந்தது. "உனக்கு ஓரடுக்கு கேக்தான் லாயக்கு" என்று விருந்தினர் முன்னாலேயே சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ஓரடுக்குக்கு மேல் நான் ஏறவே இல்லை. இப்போது அவரே கூப்பிட்டு மூன்றடுக்கு கேட்டிருந்தார். நல்ல மனதா, மறுபடி வேடிக்கை பார்க்கும் ஆசையா, தெரியாது. இதுவும் சரிந்தால் இனி மாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

வாடகைக் கார் பிடிக்கவும் வழியில்லை. அந்த உயரம் எதிலும் நுழையாது. எங்கள் கிழட்டு வண்டியில் மட்டும் பின்சீட்டைக் கழற்றிப் பலகை போட்டிருக்கிறோம்.

"கேஸ் போயிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் தையல்காரர். உலகத்தில் எங்கே குளிர் குறைந்தாலும் அவருக்கு கேஸ்தான் போயிருக்கும். இரண்டு வருடத்தில் இரண்டு தடவை நிரப்பியும் ஆயிற்று.

"கேஸ் போனா தட்டினதும் வருமா? நீங்க அந்த சுவிட்சக் குத்திக் குத்தியே கெடுத்துட்டீங்க."

"என்னோடது ஊசி பிடிக்கிற கை. பூ மாதிரிதான் அழுத்துவேன்."

இந்தப் பூவைப் பற்றி இரண்டு வருடமாகச் சண்டை போட்டிருக்கிறோம். அன்று நேரமில்லை. என் அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் லாரி மெக்கானிக். பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் குடும்பத்தில் அவனுக்கு ஹாரன் என்று பெயர். ஏதோ ஒரு லாரிக்கு அடியில் படுத்தபடியே போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அழாத. மாப்ளய பானட்டத் தூக்கச் சொல்லு. நீ இன்ஜின ஓட்டி சுவிட்ச அழுத்து. மாப்ள, டக்குன்னு ஒரு சத்தம் வருதா?"

"வரல மச்சான்."

"அப்ப கம்ப்ரசருக்கு கரண்ட் போகல. இல்லன்னா கேஸ் குறைஞ்சிருக்கணும்."

கேஸ் என்றதும் என் வீட்டுக்காரர் பானட்டுக்கு மேலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஃபியூஸைப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைச் சுற்றச் சொன்னான் அண்ணன். க்ரீம் தடவும் மெல்லிய கத்தியால் சுவிட்சை நெம்பி வெளியே இழுத்தேன். பல்பின் ஒரு ஒயரைக் காரின் இரும்பில் வைத்து, இன்னொன்றால் சுவிட்சுக்குப் பின்னால் தொட்டேன். கரண்ட் வந்து சேரும் முனையில் பல்பு எரிந்தது. சுவிட்சை அழுத்திக்கொண்டே, கரண்ட் வெளியேறும் முனையைத் தொட்டேன். எரியவில்லை.

"வர்ற கரண்ட் சுவிட்சத் தாண்டல. இப்ப அந்த ரெண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால சேத்துப் பிடி."

பிடித்தேன். டக். அரை நிமிடத்தில் சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தினேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய் பானட்டில் தலையை இடித்துக்கொண்டார்.

"அப்படியே கட்டிட்டுக் கிளம்பிடலாமா மச்சான்?" என்றார் தலையைத் தேய்த்தபடி.

"பள்ளத்துல குலுங்கி அவுந்து இரும்புல பட்டா ஃபியூஸ் போயிடும். அப்புறம் கேக்க வாளியிலதான் கொண்டு போகணும். சுவிட்சப் பிரிச்சுப் பாருங்க."

மணி பத்தே கால். துணி வெட்டும் மேஜையில் வைத்துப் பிரித்தோம். நாலாவது கொக்கி விட்டதும் உள்ளே இருந்த பொடி ஸ்ப்ரிங் துள்ளிக் குதித்துக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. என் உயிரும் கூடவே போனது. என் வீட்டுக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. சிந்திய குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தைத் தரையில் ஒரு சுற்று சுற்றினார். ஏழெட்டு ஊசிகளோடு ஸ்ப்ரிங்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. நேரமில்லாததால் விட்டுவிட்டேன்.

சுவிட்சுக்குள் கரண்ட் தாண்ட வேண்டிய இரண்டு செம்புத் தகடுகளிலும் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. அவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"வெனிலா வாசன வருதே."

வாங்கி மோந்து பார்த்தேன். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கேக்கை வெளியே எடுப்பதற்கு முன் ஓடிப்போய் ஏசியைப் போட்டு வண்டியைக் குளிர வைப்பது என் வழக்கம். அலங்காரம் முடித்த கையோடு போவேன், கையைக் கழுவாமலே. வருடக்கணக்காகச் சர்க்கரையும் க்ரீமும் அந்தப் பொத்தான் இடுக்கில் இறங்கி, காய்ந்து, தகடுகளை மூடிவிட்டன.

"பூ மாதிரி அழுத்தினது யாருன்னு உங்க தங்கச்சியக் கேளுங்க மச்சான்" என்றார் போனைப் பார்த்து. மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"நான்தான். சிரிச்சு முடிச்சிட்டு, எதால துடைக்கணும்னு சொல்லு."

"பெட்ரோல்."

துணியில் கறை எடுக்க வைத்திருந்த பெட்ரோலை ஊசிமுனைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தார். அழுக்கு போனது, பிசுக்கு போகவில்லை. மணி பத்தே முக்கால். அவர் பஞ்சை மறுபடியும் பெட்ரோலில் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. லாரிக்காரனுக்கும் தையல்காரருக்கும் எதற்கும் பெட்ரோல். சர்க்கரை அதற்கெல்லாம் மசியாது. நான் தினமும் பாத்திரம் கழுவுகிறவள்.

"வெந்நீர்" என்றேன்.

சூடான நீரில் நனைத்த பஞ்சு பட்டதும் பழுப்பு கரைந்து ஓடியது. பென்சில் ரப்பரால் தேய்த்தோம். செம்பு பளபளத்தது. இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் பிடித்து ஈரத்தை உலர்த்தினார். ஸ்ப்ரிங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே உட்கார வைத்தேன்.

பதினொன்று இருபதுக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சை அழுத்தினேன். அதன் விளக்கு எரிந்தது. டக். அண்ணன் லாரிக்கு அடியிலிருந்து உண்மையான ஹாரனையே அடிக்கச் சொல்லியிருப்பான் போல, போனில் அது அலறியது.

வழியெல்லாம் நான் கேக்கின் பக்கத்திலேயே பலகையில் குந்தி, நடுங்கும் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இவ்வளவு சந்தோஷமாக நான் நடுங்கியதே இல்லை.

ஹோட்டலின் பின்வாசலில் தலைமைச் சமையல்காரர் காத்திருந்தார். தலை நரைத்திருந்தது. நாங்கள் இருவரும் கேக்கைத் தூக்கிக்கொண்டுபோய் மேஜையில் வைத்தோம். சமையல்காரர் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியடுக்கைப் பார்த்தார். மேல் விளிம்பில் சுண்டுவிரலை வைத்து லேசாக அழுத்தினார். அழுந்தவில்லை.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "எல்லாரும் கைவேலைய வச்சிட்டு வாங்க. வெட்டுறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்க" என்றார்.

பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அன்னிக்கு கேக் நல்லாத்தான் இருந்துச்சும்மா. வேன் ஏசி ஓடலன்னு டிரைவர் சொன்னான். பரவால்ல, அனுப்புன்னு சொன்னவன் நான்தான். எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, பழிய உன் மேல போட்டுட்டேன்."

ஏழு வருடம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நன்றாக நாலு கேட்க வேண்டும் என்று. வாயைத் திறந்தேன். பக்கத்தில் நெற்றி வீங்கி, சட்டையெல்லாம் கிரீஸாக என் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ரெண்டு வருஷமா உங்கமேல பழி போட்டேங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

"ஓரடுக்கு கேக் செஞ்சு குடு, யோசிக்கிறேன்" என்றார்.

"மூணடுக்கு" என்றேன்.