கீழ்வீட்டிலிருந்து மணி வரவில்லை

...குதிகால், குதிகால்தான் அது, விரல் இல்லை, எத்தனை தடவை சொன்னாலும் என் மகள் நாரே குதிகாலை ஊன்றித்தான் ஓடுவாள், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து துணி துவைக்கும் பால்கனி வரை, அங்கே கண்ணாடிக் கதவில் உள்ளங்கையால் ஓர் அறை, திரும்ப இந்தப் பக்கம், தடம் தடம் தடம், தரை முழுக்கப் பஞ்சுப் பாய் விரித்திருக்கிறோம், கல்யாணத்துக்கு வந்த பணத்தில் பாதி இந்தப் பாய்களுக்குத்தான் போயிருக்கும் என்று என் மனைவி ஹேஜின் சொல்வாள், பாய் இருந்தும் கீழே கேட்கத்தான் செய்யும், எனக்குத் தெரியும், நானே இப்படிப்பட்ட வீட்டுக்குக் கீழே பகலில் தூங்க முயன்றவன்தானே... இரவெல்லாம் கிடங்கில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து, ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கவிட்டு, காதில் அடைப்பான் செருகி, அப்படியும் மேலே யாரோ ஒரு குழந்தை, யாரோ ஒரு நாற்காலி... அப்போது அந்தக் குழந்தையின் அப்பனை நான் மனசுக்குள் திட்டியதை எல்லாம் இப்போது இந்த வீட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சுவரில் இன்டர்காம் தொங்குகிறது. இப்போது அடிக்கும். இந்த ஓட்டம் முடிவதற்குள் அடிக்கும். "நாரே, பூனை நடை, பூனை மாதிரி நட." "பூனைக்கு ஒடம்பு சரியில்ல அப்பா, நான் குதிர." குதிரையாம்.

காய்ச்சல் போய்விட்டது, அதுதான் கஷ்டம். காய்ச்சல் இருந்தபோது மூலையில் சுருண்டு கிடந்தாள், கஞ்சி இறங்கவில்லை, வாய்க்குள் எல்லாம் புண், ஐஸ்கிரீம் மட்டும் நக்கினாள், பாவமாக இருந்தது, வீடு அமைதியாகவும் இருந்தது, இரண்டையும் ஒன்றாக நினைத்ததற்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. இப்போது உடம்பில் தெம்பு வந்துவிட்டது, உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்கள் மட்டும் இன்னும் காயவில்லை. பாலர் பள்ளியில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாசலில்கூட விடமாட்டார்கள். டாக்டர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார், "கொப்புளம் காயற வரைக்கும் மத்த பசங்க பக்கம் விடாதீங்க, வீட்ல கைக்குழந்தை யாராவது இருக்கா? ரொம்பச் சின்னதுங்களுக்கு இது வெளையாட்டு இல்ல." இல்லை என்றேன். உண்மைதானே, எங்கள் வீட்டில் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்து பேசுவது அவருக்குச் சுலபம், இவளை இரண்டு அறைக்குள் அடைத்து வைத்துப் பார்க்கட்டும், சுவர்த்தாளைக் கிழிக்கிறாள், தலையணைகளைக் கொல்கிறாள், காலையிலிருந்து ஒரே கேள்வி, "வெளிய போலாமா அப்பா, வெளிய போலாமா." ஜன்னலுக்கு வெளியே மழைக்காலம், சாம்பல் நிற மழை, அடுத்த கட்டடமே பாதிதான் தெரிகிறது. அந்த மழையைப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மழையில் விளையாட்டு மைதானத்துக்கு யார் வருவார்கள்? ஒரு குழந்தையும் இருக்காது. ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கையுறை, எதையும் தொடாமல் குட்டையில் மட்டும் குதித்துவிட்டு வந்தால்... ஹேஜினுக்குச் செய்தி அனுப்பினேன், கால்சென்டரில் இரண்டு அழைப்புக்கு நடுவில் பதில் தட்டியிருக்கிறாள். "வேணாம். எதிர் ஜன்னல்ல நின்னு யாராவது போட்டோ எடுப்பாங்க. நம்ம காலனி அம்மாக்கள் குழுவுல போன வாரம் ஒரு பையன அப்படித்தான் போட்டாங்க, முகத்த மட்டும் மறைச்சுட்டு. ஆனா எல்லாருக்கும் யாருன்னு தெரியும்." பின்னாலேயே இன்னொன்று, "நீ தூங்கினியா?" இல்லை. வேலையை விட்டும் உடம்பு இன்னும் இரவு வேலைக்காரன் உடம்பு. வசந்தத்தில் ஒரு விடியலில் கிடங்கு ஜாக்கெட்டைக் கழற்றி ஓடுகிற பெல்ட்டின் மேல் போட்டேன், அது பார்சல்களோடு பார்சலாகத் திரும்பிப் போய் வளைவில் மறைந்தது, நான் வெளியே வந்துவிட்டேன், அவ்வளவுதான் கதை. பெரிய காரணம் எதுவும் இல்லை. ஹேஜின் மட்டும் ஏதோ காரணம் இருக்கும் என்று இன்னும் காத்திருக்கிறாள்.

இன்டர்காம் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை... பழத்தால்தான். போன வாரம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அதற்கு முன்னால் தினமும் ஒரு தடவையாவது காவலாளிப் பெரியவர் கூப்பிட்டுவிடுவார், கீழ்வீட்டம்மா நேரே மேலே வந்து சண்டை போடும் ரகம் இல்லை, முறைப்படி காவல் அறைக்குச் சொல்லுவாள், அங்கிருந்து எனக்கு வரும். சரி, இது நீளக்கூடாது என்று நல்ல மஞ்சள் முலாம்பழமாகப் பொறுக்கி, எங்கள் பெரிய பீங்கான் கிண்ணத்தில் அடுக்கி, நாரேயைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பெரியவன் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டால் வாய்ப்பேச்சு, ஓடிய கால்களே வந்து நின்று குனிந்தால் யாருக்கும் மனசு இளகும், இந்தக் காலனியில் எல்லோரும் செய்வதுதான். கிண்ணத்தை நாரேயே தூக்கிக்கொண்டு வந்தாள், நடுநடுவே என் கையில் தந்துவிட்டு விரலைச் சப்பிக்கொண்டு. மணியை அழுத்தினேன். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது, ஐம்பது வயசிருக்கும் அந்த அம்மாவுக்கு, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி. நாரே கிண்ணத்தை என்னிடம் தந்துவிட்டு வயிற்றில் கைகளைக் கோத்துக்கொண்டு, பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி, தலை தரையில் இடிக்கிற அளவு குனிந்தாள். "ஓடினதுக்கு மன்னிச்சிருங்க, இனிமே பூனை மாதிரி நடப்பேன்." அந்த அம்மா சிரித்தாள், ஆனால் சத்தமே வரவில்லை, கிசுகிசுப்பாகத்தான் பேசினாள், "ஐயோ, இதெல்லாம் எதுக்குப்பா", கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்தாள், குனிந்து நாரேயின் கையை எடுத்து முத்தம் கொடுத்தாள், கதவு சாத்திக்கொண்டது. பெரிய மனுஷித்தனம், சத்தம் போட்டுப் பேசினால் காசு கேட்போம் என்று நினைத்தாளோ என்று படி ஏறும்போது நினைத்தேன். மறுநாள் காலை நாரேயின் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். கீழ்வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பெரியவர்களுக்கு இது ஒட்டாது, ஒட்டினாலும் தெரியாது, பழத்தோடு நோயையும் கொடுத்தான் என்று ஆகும்... விட்டுவிட்டேன். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை. வாங்கிய கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தர யாருக்கும் கை வராது, ஒரு கொழுக்கட்டை, நாலு உருளைக்கிழங்கு, ஏதாவது போட்டு அடுத்த நாளே கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவார்கள். இவள் கிண்ணத்தையே வைத்துக்கொண்டாள் என்று ஹேஜினிடம் சொல்லிச் சிரித்தேன்.

தடம் தடம். சோபாவிலிருந்து குதித்துவிட்டாள், இது பாயைத் தாண்டிய சத்தம், பாத்திரங்கள் அதிர்ந்தன. இனி கூப்பிடுவதற்குள் நாமே கூப்பிடுவது நல்லது என்று இன்டர்காமில் காவல் அறைப் பொத்தானை அழுத்தினேன். "ஐயா, கீழ்வீட்டுல இருந்து ஏதாவது..." "யாரு, நாரே அப்பாவா? ஒண்ணும் வரல. பழம் குடுத்தியாமே, வேல செஞ்சிருச்சு போலிருக்கு. எனக்கும் ரெண்டு குடுத்திருந்தா உன் மூஞ்சில சிரிச்சிருப்பேன்ல?" "அடுத்த தடவ ஐயா." "அடுத்த தடவ வேற இருக்கா! பொண்ணு ஏன் வீட்ல இருக்கா, ஸ்கூல் இல்லையா?" "சளி." சளி என்றேன். அவருக்குத் தெரிந்தால் லிஃப்டில் கிருமிநாசினி அடிப்பார், எந்த வீட்டுக்காக என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார், நல்ல மனுஷர், வாய்தான் நிற்காது. வைத்துவிட்டேன். நாரே என் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், கண் நிறைய நீர், நடிப்பு பாதி, நிஜம் பாதி. "அப்பா, என் காலுக்கு அரிக்குது, மழையில வெச்சா சரியாயிரும்." டாக்டராகிவிட்டாள். கொப்புளங்களைப் பார்த்தேன், ஓரங்கள் பழுப்பாகத் தொடங்கியிருக்கின்றன, காய்ந்த மாதிரியும் இருக்கின்றன, காயாத மாதிரியும். வெளியே ஊஞ்சல்கள் மழையில் தனியாகத் தொங்குகின்றன. யாருக்கு என்ன நஷ்டம்? எதிர் ஜன்னலில் யாராவது நிற்கிறார்களா? நின்றால் நிற்கட்டும். இல்லை, நிற்கக்கூடாது. குடையைத் தாழ்த்திப் பிடித்தால் முகம் தெரியாது... ஒரு வியாதிக்காரக் குழந்தையைத் திருட்டுப்பொருள் மாதிரி கடத்தப்போகிறேன். "சரி, ஆனா எதையும் தொடக்கூடாது. சுவரு, கம்பி, ஊஞ்சல், ஒண்ணும்." "குட்டைய?" "குட்டையக் காலால தொடலாம்." அவள் பூட்ஸை மாற்றிப் போட்டுக்கொண்டு கதவருகில் நிற்கிறாள், வலதில் இடது, கம்பளிக் கையுறை, கோடை மழையில் கம்பளிக் கையுறை, யாராவது பார்த்தால் என்ன பதில்...

லிஃப்ட் வேண்டாம், லிஃப்டில் ஆள் இருக்கும், பொத்தான் இருக்கும். படி. நானே கையைப் பிடித்துக்கொண்டேன், கைப்பிடிக் கம்பி பக்கம் நான், அவள் நடுவில். "சத்தம் போடாம" என்றேன், அவள் விரலில் நடந்தாள், வீட்டுக்குள் ஒருநாளும் நடக்காத பூனை நடை, இங்கே கான்கிரீட்டில், யாருக்கும் கேட்காத இடத்தில். ஒரு மாடி இறங்கினோம். கீழ்வீட்டு வாசலைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பார்சல்கள் கிடந்தன. மூன்றோ நாலோ, ஒன்றன் மேல் ஒன்றாக, அடியில் இருந்த பெட்டி ஈரக்காற்றில் தொய்ந்துபோய்... கை தானாக லேபிளைத் திருப்பியது, அந்த வியாதி எனக்குப் போகாது, எந்தக் கிடங்கு, எந்த இரவு என்று குறியீட்டைப் பார்த்தாலே தெரியும். அடிப்பெட்டி நாங்கள் பழம் கொண்டுவந்ததற்கு மறுநாள் இரவு கிடங்கில் பிரித்து அனுப்பப்பட்டது. அன்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் படம், நாப்கின் கட்டிய ஒரு குழந்தை சிரிக்கிறது, கீழே, பிறந்த குழந்தை அளவு. நிமிர்ந்தேன். மணிப் பொத்தானுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர், போன வாரமும் இருந்தது, இந்தக் கதவுகளில் கோழிக்கடை விளம்பரமும் பூட்டுக்காரன் நம்பரும் ஒட்டாத இடமே கிடையாது, அதில் ஒன்று என்று படிக்காமல் அதன் மேல்தான் கட்டைவிரலை ஊன்றி மணி அடித்திருக்கிறேன். தூங்கும் குழந்தையின் படம். மணி அடிக்காதீர்கள், பாப்பா தூங்குகிறது.

அந்தக் காலம் மாதிரி, பிள்ளை பிறந்த வீடு, யாரும் வராதீர்கள் என்று வாசலில் வைக்கோல் கயிறு கட்டியிருந்தால் எருமைக்குக்கூடப் புரிந்திருக்கும். கிசுகிசுப்பு. அதற்காகத்தான் கிசுகிசுப்பு. கடற்பாசி சூப்... ஆமாம், சமையலறைப் புகைப்போக்கி வழியாகத் தினமும், காலையும் மாலையும் கடற்பாசி சூப் வாசனை ஏறி வந்ததே, ஒருநாள் என்றால் யாருக்கோ பிறந்தநாள், தினமும் என்றால் என்ன அர்த்தம்? பிள்ளை பெற்றவளுக்கு இந்த ஊரில் வேறு என்ன ஊற்றுவார்கள்? நாரே பிறந்தபோது ஹேஜினுக்கு நான்தானே பானை பானையாகக் காய்ச்சினேன், அவள் கடைசியில் கிண்ணத்தைப் பார்த்தாலே அழுதாள். மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவு எளிது. பகலில் குழாய்க்குள் பூனை கத்துவதுபோல ஒரு சத்தம், காது அடைப்பானை இன்னும் உள்ளே தள்ளினேனே, பூனை... அந்த அம்மா நாரேயின் கைக்கு முத்தம் கொடுத்தாள், எச்சில் விரலுக்கு, பிறகு உள்ளே போனாள், பிறகு யாரைத் தூக்கினாள்? அந்தப் பெட்டிகள். அவர்கள் வேறு எங்காவது போயிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம், நான் செய்த சத்தம் தாங்காமலேகூடப் போயிருக்கலாம், அப்படிப் போயிருந்தால் நல்லது, முதல்தடவையாக அப்படி நினைக்கிறேன், எங்கள் சத்தம் தாங்காமல் போயிருந்தால் நல்லது. அல்லது உள்ளேயே இருக்கலாம், பெட்டிகளை எடுக்க நேரமில்லாமல். அல்லது... ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை நினைக்காமல் அதைச் சுற்றி நடந்தேன். மணி அடிக்க முடியாது. அடிக்காதே என்று எழுதியிருக்கிறது. உள்ளே அது இருந்து, கதவு திறந்து, என் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு இவள் நின்றால்... "அப்பா, யாரு வீடு?" "கீழ்வீடு." "பழம் குடுத்தோமே, அவங்களா? நான் மன்னிச்சிருங்க சொல்லட்டா?" வேண்டாம் என்று வாயைப் பொத்தினேன், இவள் வாயையா, என் வாயையா, ஞாபகம் இல்லை. "வா, மேல போலாம்." "வெளிய போலாம்னு சொன்ன!" "சொன்னேன்." "பொய்க்கார அப்பா."

தூக்கிக்கொண்டுதான் ஏறினேன், பூட்ஸ் என் தொடையில் உதைத்துக்கொண்டே வந்தது. உள்ளே வந்ததும் இன்டர்காமை அழுத்தினேன். "ஐயா, கீழ்வீட்டுல ஆள் இருக்காங்களா?" "ஏன், மறுபடியும் பழமா?" "இல்ல... வாசல்ல பெட்டி கெடக்கு." "எனக்கெப்படிப்பா தெரியும், நான் நேத்துதான் லீவு முடிஞ்சு வந்தேன். இரு, கூப்பிட்டுப் பாக்கட்டா?" கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். யாராவது எடுத்தால் பெரியவர் கேட்பார், என்ன விஷயம் சொல்லட்டும்? என் பொண்ணுக்குச் சளி இல்லை என்று சொல்லட்டும். உங்கள் பாப்பா எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். "வேணாம் ஐயா. பாப்பா தூங்கும்." "என்ன பாப்பா?" வைத்துவிட்டேன். நாரே தரையில் மல்லாந்து, பூட்ஸோடு, தேம்பிக்கொண்டிருந்தாள். கீழே இருந்து ஒரு சத்தமும் இல்லை. குனிந்து கூடத்துப் பாயின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தேன், ஒன்று, அடுத்தது, பசை மாதிரி ஒட்டிக்கொண்டு பிரிந்தன, கீழே வெறும் தரை, மஞ்சளாக, நாங்கள் குடிவந்த நாளுக்குப் பிறகு அதை நான் பார்த்ததே இல்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "எதுக்கு அப்பா?" "குதி." "பூனையா?" "குதிர." "நெஜமாவா? சத்தமாவா?" "பூட்ஸோட." அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, ஒரு கால் மட்டும் தட்டிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சோபா மேல் ஏறி இரண்டு காலாலும் இறங்கினாள், கண்ணாடிகள் அதிர்ந்தன, திரும்ப ஏறினாள். நான் இன்டர்காமுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றேன். மணியை அடி, திட்டு, போலீஸைக் கூப்பிடு, என்ன வேண்டுமானாலும் செய், கீழே வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரியட்டும்... நாரே சிரித்தபடி மறுபடி இறங்கினாள். என் குதிகாலும் தரையில் இடிக்கத் தொடங்கியதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். எப்போதிலிருந்து இடித்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை.