ஒரே கூரை, இரண்டு தூக்கம்

சிங்காதோகா மணல்மேட்டில் ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கும். அதில் ஓடி ஏறி இறங்கிய பிறகுதான் ஃபிஜியின் ரக்பிக்காரர்கள் காலைத் தேநீரையே தொடுவார்கள். ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் அங்கே ஓடவிட்டு வேலை வாங்கியவர் பயிற்சியாளர் மெசாக்கே. நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. ஆணென்ன பெண்ணென்ன, எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே சட்டம் என்பார். உலகத்து நியாயமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

அன்றைக்கு லைசானி மறுபடியும் கடைசி ஆளாக ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தூக்கத்தை அளக்கிற பட்டை ஒன்றை எல்லார் கையிலும் மெசாக்கே கட்டிவிட்டிருந்தார். அது சொன்னதை ஊரறியப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

“இங்க வா லைசானி. உங்கண்ணன் இசிக்கேலி படுத்தா மரக்கட்டை. நீ பாதி ராத்திரி முழிச்சே கெடந்திருக்க. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அவனுக்கு வர்ற தூக்கம் உனக்கு மட்டும் ஏன் வரல? போனை நோண்டுறியா?”

“இல்ல கோச்.”

“அப்புறம் என்ன கேடு?”

பதில் லைசானியின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பக்கத்திலேயே இசிக்கேலி நின்றான். அண்ணன் காதுபடத் தங்கை தன் உடம்பைப் பற்றிப் பேசுவது அவர்கள் குடும்பத்தில் ஆகாத காரியம். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசிக்கொள்வதே அபூர்வம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மா வழியாகத்தான் போகும். லைசானி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சனிக்கிழமை வெளிநாட்டுப் போட்டிக்குப் பேர் படிக்கிறேன்” என்றார் மெசாக்கே. “அதுக்குள்ள இன்னொரு தடவை லேட்டா வந்த, உன் இடத்துல வேற ஆள் ஓடும். சோம்பேறிக்கு என் அணியில இடம் கெடையாது.”

சோம்பேறியாம்! அந்த வீட்டு நடப்பைப் பார்த்தவர்கள் வயிறெரிந்து போவார்கள். இசிக்கேலி தேசிய அணிக்கு ஆடத் தொடங்கியதிலிருந்து, சாயங்காலமானால் மாமாமார் யங்கோனா என்னும் வேர்ப்பானக் கலயத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வேரைக் கரைத்துக் குடித்து, கை குவித்துத் தட்டி, கிதார் மீட்டி, நடுராத்திரி வரை அவன் புகழ் பாடிவிட்டுத்தான் எழுவார்கள். புகழுக்குரியவனோ சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு போய்ப் படுத்துவிடுவான். காதில் இடி விழுந்தாலும் எழமாட்டான். தண்ணீர் கொண்டுவருவதும், தேநீர் போடுவதும், கோப்பை கழுவுவதும் லைசானி. அம்மாவுக்கு முழங்கால் வலி. விடிவதற்கு முன் எழுந்து மரவள்ளிக்கிழங்கு அவிப்பதும், அண்ணனுடைய ஜெர்சியைத் துவைப்பதும் அவளேதான்.

அதோடு முடிந்ததா? மாதவிலக்குக்கு முந்தின வாரம் அவள் உடம்பு கொதிக்கும். வீடு நிசப்தமாக இருந்தாலும் தூக்கம் உடைந்து உடைந்துதான் வரும். இதை எந்தக் கைப்பட்டை படித்துக் காட்டும்?

மறுநாள் பயிற்சி முடிந்ததும் செரேயானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள் லைசானி. செரேயானா அவளுடைய அத்தை மகள். அதே அணியில் ஆடுகிறவள், வாய்த்துடுக்கானவள். இசிக்கேலிக்கு முறைப்பெண். அந்த ஊரில் முறைக்காரர்கள் எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. லைசானியால் பேச முடியாததை எல்லாம் செரேயானா பேசலாம்.

“எனக்கு இரக்கம் வேண்டாம் மதினி. என் இடம் வேணும். அதை விடமாட்டேன்” என்றாள் லைசானி.

“விடாத. மச்சானை நான் பாத்துக்கிறேன்.”

செரேயானா நேராகப் போய் இசிக்கேலி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“என்ன மச்சான், தூங்குமூஞ்சிப் பட்டம் வாங்கப் போறீரா?”

“கோச் பாராட்டுறாருன்னு ஒனக்கு வயித்தெரிச்சல்.”

“பாராட்டா? மூணு நாள், மூணே நாள் உம்ம தங்கச்சி செய்யுற வேலைய நீரு செய்யும். மாமாமாருக்குக் கலக்கிக் குடுக்கணும், எழுந்திருச்சுக் கெழங்கு அவிக்கணும். அப்பவும் இப்படிக் கொறட்டை விட்டீருன்னா, உம்ம பூட்ஸை நான் வருசம் பூரா தொடைக்கிறேன்.”

“அட, இது ஒரு வேலையா?” என்று சிரித்தான் இசிக்கேலி. வீம்புக்காரன். முறைப்பெண் முன்னால் பின்வாங்குவானா?

அம்மாதான் துடித்துப் போனாள். “ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்தப் பாடு? நாளைக்கு அவன் ஓட வேண்டாமா?”

“லைசானி மட்டும் நாளைக்கு ஊஞ்சலா ஆடப் போறா, அத்தை?” என்றாள் செரேயானா.

முதல் நாள் இசிக்கேலி பாட்டுப் பாடிக்கொண்டே கோப்பை கழுவினான். இரண்டாம் நாள் பாட்டு நின்றுபோனது. மூன்றாம் நாள் காலை கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். மணல்மேட்டின் பாதியிலிருந்து உருண்டு வந்தான். தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

மெசாக்கே பதறி ஓடி வந்து அவன் நெற்றியில் கை வைத்தார். “என்னய்யா ஆச்சு புள்ளைக்கு? டாக்டரைக் கூப்பிடுங்க! ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் குடுங்க. பாவம், ஒடம்பு அசந்துபோச்சு.”

லைசானிக்குச் சுரீரென்றது. அவள் முன்னால் வந்தாள்.

“கோச், அவன் தூங்கலைன்னா டாக்டரு. நான் தூங்கலைன்னா சோம்பேறியா?”

எல்லாரும் திரும்பினார்கள். இசிக்கேலி விழித்துக்கொண்டான். தங்கை பேசப் போவது தான் கேட்கக் கூடாத பேச்சு என்று அவனுக்குப் புரிந்தது. எழுந்து போய்விடலாம். ஆனால் போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

லைசானி தன் கைப்பட்டையை நீட்டிக் காட்டினாள். “மூணு நாளா அவன் செஞ்சது நான் தெனமும் செய்யுற வேலை. இந்த மூணு நாளும் எனக்கு வேலையே இல்ல. அப்பவும் என் பட்டை என்ன சொல்லுது? கொஞ்சம் அதிகமாத் தூங்கினேன், ஆனா அவனை மாதிரி இல்ல. ஏன்னா இது விலக்குக்கு முந்தின வாரம். ஒடம்பு எரியுது, தூக்கம் ஒடையுது. வேலைய மாத்திக்கலாம் கோச். ஒடம்பை மாத்திக்க முடியுமா?”

“அப்போ பொம்பளைங்களுக்குச் சலுகை வேணும்கிற?”

“சலுகை கேக்கல. அளவு கேக்குறேன். அவன் பூட்ஸை என் கால்ல மாட்டி ஓடச் சொல்லுவீங்களா? தூக்கத்துக்கு மட்டும் அவன் அளவ ஏன் மாட்டுறீங்க?”

மெசாக்கே மற்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தி, எனக்கும் அப்படித்தான் என்றாள். இன்னொருத்தி, எனக்கு அந்த வாரத் தூக்கம் சரியாத்தான் இருக்கும், ஆனா ஆட்டத்துக்கு முந்தின நாள் கண்ணே மூடாது என்றாள். ஒவ்வொருத்தி சொன்னதும் ஒவ்வொரு விதம்.

“கோச்” என்றது திரும்பியிருந்த முதுகு. “என் தங்கச்சி சொல்றது நெசம்.”

மெசாக்கே மணலில் உட்கார்ந்துவிட்டார். “என்கிட்ட யாரும் சொல்லலையே” என்று முனகியவர், உடனே தலையை ஆட்டினார். “நான் கேக்கவே இல்லையே. திட்டத்தான் தெரிஞ்சது எனக்கு.” அதற்கப்புறம் பெண்களின் பயிற்சி நேரத்தை அவர்களிடமே கேட்டுத் தள்ளிவைத்தார். எல்லாருக்கும் மதியத் தூக்கம் கட்டாயமானது. கைப்பட்டை சொன்னதை ஊரறியப் படிப்பதையும் விட்டார். லைசானியிடம் மட்டும், “இடம் ஓட்டத்துக்குத்தான். அதுல எந்த மாத்தமும் இல்ல” என்றார். அவள் கேட்டதும் அதுதானே! மிச்சமிருந்த நாளெல்லாம் அந்த மணல்மேட்டை ஒரு வழி பண்ணிவிட்டாள். சனிக்கிழமை படித்த பெயர்களில் அவளுடையதும் இருந்தது.

அன்று சாயங்காலம் மாமாமார் கலயத்தோடு வந்தார்கள். இசிக்கேலி வாசலிலேயே வழிமறித்து, மண்டியிட்டு மரியாதையாகச் சொன்னான்.

“மாமா, இனிமே பக்கத்து வீட்டுல வச்சுக்குங்க. கலக்குறது, கழுவுறது எல்லாம் நானும் அந்த வீட்டுத் தம்பிமாரும் பாத்துக்கிறோம். இங்க தங்கச்சி தூங்குறா.”

மூத்த மாமா முகம் சுளித்தார். “ஒரு பொட்டப்புள்ள தூங்குறதுக்கு ஊரே எடம் மாறணுமா? நீயும்தான் இதே வீட்டுல தூங்கின. ஒனக்கு வந்துச்சே தூக்கம்?”

“வந்துச்சு மாமா. அது என் தெறமைன்னு நானும் நெனச்சேன்.” இசிக்கேலி நிமிர்ந்தான். “அவ முழிச்சிருந்ததாலதான் நான் தூங்கினேன். ஒடம்பு வேற, பாடு வேற. ரெண்டையும் பாக்காம எல்லாரையும் ஒரே கோலால அளக்குறது நியாயம் இல்ல மாமா, அநியாயம். பொம்பளை தூக்கத்தச் சோம்பேறித்தனம்னு சொல்ற வீடு, அவ ஒழைப்பைத்தான் திங்குது. நாங்க தின்னது போதும்.”

பெரியவர் கலயத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.