வியாழக்கிழமை பெய்யாத ஸ்னோ

வாயிலை நுழையாத ஊர். அல்புகெர்க்கி. அமெரிக்காவிலை நியூ மெக்சிகோ எண்ட இடத்திலை, மலைநாட்டு உயரத்திலை ஒரு பாலைவனம், அதுக்குள்ளை ஒரு பட்டணம். பாலைவனமெண்டால் வெக்கை எண்டுதான் நானும் நினைச்சிருந்தனான். என்ரை மகன் கேதீஸ்வரன் இஞ்சை கிளேட்டனிலை யூனிவேர்சிட்டியிலை படிச்சு முடிச்சு, காத்தையும் தூசியையும் பற்றின ஆராய்ச்சி வேலைக்கு அங்கை போனாப் பிறகுதான் பாலைவனத்திலையும் விறைச்சுச் சாகலாமெண்டு தெரிஞ்சுது. பகலிலை வெயில் எறிக்கும். பொழுதுபட்டால் பல்லுக் கிட்டும். அவனுக்குச் சின்னனிலையிருந்தே முட்டு. வறண்ட குளிர் பட்டால் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். பெத்தவள் பாக்காமல் வேறை ஆர் பாக்கிறது?

அதுக்காகத்தான் ஒவ்வொரு நாளும் லைப்ரரிக்குப் போறனான். வீட்டிலை கொம்பியூட்டர் இல்லை, எனக்கு அது தேவையுமில்லை. லைப்ரரியிலை வேலை செய்யிற பிள்ளை ஒருக்காக் காட்டித் தந்தது, அந்த ஊரின்ரை வெதர் பக்கத்தை எப்பிடி எடுக்கிறது, அமெரிக்கன் டிகிரிக் கணக்கை எங்கடை கணக்குக்கு எப்பிடி மாத்திறது எண்டு. இப்ப எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. அந்த நேரத்து வெதர் மேலை கிடக்கும். வாற கிழமைக்குரியது கீழை சின்னச் சின்னப் படமாக் கிடக்கும். பக்கத்துக் கதிரையிலை ஒரு வியட்நாம்காரர் இருந்து தன்ரை ஊர்ப் பேப்பரை வாசிப்பார். ரெண்டு பேரும் ஒருநாளும் கதைச்சதில்லை. தலையை மட்டும் ஆட்டுவம். உள்ளதைச் சொன்னால், சில நாளிலை எனக்கு அந்தத் தலையாட்டல்தான் ஒரே கதை.

இவர், என்ரை மனுசன், மோசம்போய்க் கண்மூடி ஒரு வருசமாகுது. சிட்னியிலையிருந்து ஒரு ராப் பஸ் தூரத்திலை, நோபல் பார்க் வீட்டிலை நான் தனிய. ஒருத்திக்கெண்டு சமைக்க மனம் வராது, பாண் துண்டைக் கடிச்சுப்போட்டுப் படுக்கிற நாளும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலமை கேதீஸ் போன் எடுப்பான். எப்பவும் அவன்தான் எடுக்கிறது, போன் கார்ட் போட்டு. நம்பரை மாத்திப்போட்டன், நானே எடுக்கிறன் எண்டு ஆனி மாசமளவிலை சொன்னவன். நானும் துருவிக் கேக்கேல்லை. சாப்பிட்டியோ, முட்டு இழுக்குதோ, வெதர் எப்பிடி. இவ்வளவுதான் எங்கடை கதை. அதுக்காக நான் ஒரு கிழமை முழுக்கக் காத்துக்கொண்டிருப்பன்.

இந்தக் கார்த்திகையிலை ஒரு சனிக்கிழமை இவரின்ரை ஆட்டைத்திவசம் வந்துது. முதல் வருசத் திவசம் ஒத்தைப் பிள்ளை இருக்க வேறை ஆர் செய்யிறது? நான் கட்டாயம் வருவன் அம்மா எண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னவன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு. அவங்களுக்கு அப்ப வியாழன் பின்னேரம். அந்த நேரம் பிளேன் ஏறினால் சனிக்கிழமை வெள்ளெனவே வந்திடலாமாம்.

ஆவணியிலை நடந்த ஒண்டையும் சொல்லவேணும். பக்கத்து ஒழுங்கைக் கலா தேத்தண்ணி குடிக்க வந்தவள், கப்பைக் கீழை வைச்சுப்போட்டு மெல்லமாச் சொன்னாள். "அக்கா, குறை நினைக்காதையுங்கோ. சிட்னியிலை என்ரை ஒண்டவிட்ட தம்பி கேதீஸைக் கண்டவனாம். ஹோம்புஷிலை. மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டு நிண்டவராம்." எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. "உன்ரை தம்பிக்குக் கண் பழுதோ, இல்லாட்டி உனக்கு வாய் பழுதோ?" எண்டு கேட்டுப்போட்டன். காத்தையும் தூசியையும் கணக்குப் போடுற பிள்ளை பெட்டி இறக்குதாம். பேய்க்கதை. கலா கப்பைக் கழுவி வைச்சுப்போட்டுப் போட்டாள். பிறகு நானும் போகேல்லை, அவளும் வரேல்லை. ஆனா அந்தக் கதை மட்டும் போகேல்லை. குசினிக்குள்ளை நிண்டாலும் அதுதான், கோயிலிலை நிண்டாலும் அதுதான்.

திவசக் கிழமை திங்கள் போய்ப் பாத்தால், வியாழக்கிழமைக்கு நேரை ஸ்னோப் படம். செவ்வாயும் அதே படம். பிளேன் ஓடாட்டி என்ன செய்வன் எண்டு சாமியறைக்குள்ளை போயிருந்து அழுதனான். புதன்கிழமை பாத்தால் ஸ்னோவைக் காணேல்லை, முகிலும் கொஞ்ச வெயிலும். வியாழன் பாத்தால் முகிலையும் காணேல்லை. அப்பாடா எண்டிருந்துது. வியட்நாம்காரரைப் பாத்துச் சிரிச்சும் போட்டன். மனுசன் பயந்துபோச்சுது.

வெள்ளிக்கிழமை லைப்ரரி திறக்கேக்கையே போயிட்டன். அங்கை அந்த நேரம் தெளிஞ்ச வானம், பதினாலு டிகிரி, மெல்லிய காத்து. வாற கிழமை முழுக்க வெயில். நல்லாப் போகும் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை வந்தன். சப்பாத்துக் கழட்டேல்லை, போன் அடிக்குது.

"அம்மா."

"சொல்லு ராசா. வெளிக்கிட்டிட்டியோ?"

"இல்லையம்மா. இஞ்சை விடியப்பறம் தொடக்கம் சரியான ஸ்னோ. எயாப்போட்டைப் பூட்டிட்டாங்கள். நாளைக்கும் ஒண்டும் ஓடாதாம்."

எனக்கு முதல் கோவம் வரேல்லை. ஒண்டும் விளங்கேல்லை. ஸ்னோவோ? இப்பதானே பாத்திட்டு வாறன். பிறகு மெல்ல மெல்ல விளங்கிச்சுது. நான் பாக்கிற பக்கத்தை அவனும் பாத்திருக்கிறான். திங்களோ செவ்வாயோ பாத்திருக்கிறான், ஸ்னோப் படத்தைக் கண்டிருக்கிறான், போதுமெண்டு மூடி வைச்சிட்டான். பள்ளிக்கூடத்திலையும் உதேதான். கணக்கைச் செய்வான், விடையைத் திருப்பிப் பாக்கமாட்டான். திருப்பிப் பாரடா எண்டு தகப்பன் கத்திக் கத்தியே களைச்சுப்போனார்.

அந்த ஊரிலை இருக்கிறவன் யன்னலைத் திறந்தால் போதும், வெதர் தெரியும். கொம்பியூட்டரைப் பாத்து ஆர் சொல்லுவினம்? தூர இருக்கிறவை. என்னைப்போலை.

அந்த நேரம் பாத்து அவனுக்குப் பின்னாலை ஒரு சத்தம் கேட்டுது. டிக்... டிக்... எண்டு ஆறுதலா அடிச்சு, பிறகு ஒருக்கா விசிலடிச்ச மாதிரி, உடனை டக்டக்டக்டக் எண்டு ஓடிச்சுது. றோட்டுக் கடக்கிற இடத்துச் சத்தம். லைப்ரரிக்கு முன்னாலை நான் ஒவ்வொரு நாளும் பட்டனை அமத்திப்போட்டு நிண்டு கேக்கிற சத்தம். அமெரிக்காவிலை எப்பிடி அடிக்குமோ எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும்.

கலாவின்ரை தம்பிக்குக் கண் பழுதில்லை. ஆராய்ச்சி வேலை போய், சிட்னிக்குத் திரும்பி வந்துதான் ஆனியிலை நம்பரை மாத்தியிருக்கிறான்.

கேட்டிருக்கலாம். எங்கையடா நிக்கிறாய் எண்டு வாய்க்குள்ளை வந்திட்டுது. ஆனா கேட்டால் என்ன நடக்கும்? என்ரை பிள்ளையை எனக்குத் தெரியும், ரோசக்காரன். வெக்கத்திலை பிறகு போனே எடுக்கமாட்டான். எனக்கு மிஞ்சிக் கிடக்கிறது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒண்டுதான். அதையும் நானே வெட்டி விடுறதோ? பயந்துபோனன்.

"குளிரே?" எண்டு கேட்டன்.

"ஓமம்மா. சரியான குளிர்."

"முட்டு இழுக்குதோ?"

"இல்லை."

"கம்பளிச் சட்டை போட்டிருக்கிறியோ?"

"ஓம்."

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சுக்கொண்டு நிக்கிறான். நானும் அவனோடை சேர்ந்து சோத்தை அள்ளிப் போடுறன். வயித்தெரிச்சலிலை ஒண்டு சொல்லிப்போட்டன்.

"பிளேன் இல்லாட்டிப் பஸ்ஸிலை எண்டாலும் வா."

றோட்டுச் சத்தம் திரும்பவும் ஆறுதலா அடிச்சுது. "கார்ட் முடியப்போகுதம்மா" எண்டான். வைச்சிட்டான். வாறன் எண்டு சொல்லேல்லை.

சனிக்கிழமை விடிய எழும்பித் குளிச்சுத் தோஞ்சுபோட்டுச் சமைச்சன். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். வடையை மட்டும் கூடச் சுட்டன், கேதீஸ் வடைப் பைத்தியம். சிட்னியிலை ராத்திரி ஏறினால் பஸ் காலமைதான் இஞ்சை வந்து சேரும் எண்டு எனக்குத் தெரியும். ஐயர் கிரியைக்கு எல்லாத்தையும் எடுத்து வைக்கிற நேரத்திலை நான் கேற்றடியிலை நிண்டன். றோட்டிலை ஆர் நடந்து வந்தாலும் அவன்ரை நடை மாதிரித்தான் கிடந்துது.

கலா வந்தாள். நான் கூப்பிடேல்லை, தானே வந்தாள், புருசன் கணேசலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு. "கேதீஸ்?" எண்டு கேட்டாள்.

"அங்கை ஸ்னோவாம். எயாப்போட் பூட்டாம்."

என்ரை முகத்தைப் பாத்தாள். "ஓமக்கா, இந்த நாளிலை அங்கை அப்பிடித்தான்" எண்டாள். எண்டிட்டு உள்ளை போய் வாழையிலையைத் துடைக்கத் தொடங்கினாள். அவளைப் பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேல்லை. அவளுக்கு அது வேண்டியும் கிடக்கேல்லை.

ஐயர் மல்கிரேவிலை இன்னொரு வீட்டுக்கும் திவசத்துக்குப் போகவேணுமாம். இனிச் சுணங்கேலாது எண்டார். கணேசலிங்கம் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இருந்தார். தர்ப்பை போட்டாச்சு. பேர் சொல்லுங்கோ எண்டு ஐயர் கேட்க, சச்சிதானந்தன் எண்டு நான்தான் பின்னாலை நிண்டு சொன்னன். என்ரை மனுசனுக்குப் பக்கத்து ஒழுங்கைக்காரர் எள்ளும் தண்ணியும் இறைச்சார். நல்ல மனுசன், ஒரு குறையும் விடேல்லை. எனக்குத்தான் பாக்கேலாமல் போட்டுது. காகத்துக்கெண்டு வெளியிலை வைச்ச சோத்தை மக்பை எண்ட கறுப்பு வெள்ளைக் குருவி ஒண்டு வந்து கொத்திப்போட்டுப் போச்சுது. அதெண்டாலும் வந்துதே எண்டு நினைச்சன்.

பின்னேரம் எல்லாரும் போட்டினம். சட்டி பானையைக் கழுவிப்போட்டு ரீவியைப் போட்டன். எங்களுக்கு மழையில்லை, பூங்கண்டுக்கும் தண்ணி விடக்கூடாதெண்டு சட்டம். சிட்னிக்கு நல்ல மழை வருதாம், ஞாயிறு முழுக்கப் பெய்யுமாம் எண்டு அந்த வெதர் சொல்லுற பெட்டை சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தன். வழமையான நேரம் போயிட்டுது. பஸ் எண்டு சொன்ன என்ரை வாயை நானே திட்டினன். விசரி, ஒரு பொய்யைப் பொறுத்துக்கொண்டிருக்கத் தெரியாதே உனக்கு? இனி எடுக்கமாட்டான் எண்டு எழும்பினன். அடிச்சுது.

"அம்மா" எண்டான். மூச்சு மட்டும் கேட்டுது. இழுக்கிற மூச்சு.

நான் என்னத்தைக் கேக்கிறது? வழமையாக் கேக்கிறதைத்தான் கேட்டன். "அங்கை வெதர் எப்பிடி ராசா?"

"மழையம்மா" எண்டான். "விடியத் தொடங்கினது. இன்னும் விடேல்லை."

அந்தப் பாலைவனத்துக்குக் கிழமை முழுக்க வெயில் போட்டிருந்துது. நான் கதிரையிலை திரும்ப இருந்தன்.

"ஓம்" எண்டன். "ரீவியிலை பாத்தனான்."

அவன் அழத் தொடங்கிட்டான். அழட்டும் எண்டு விட்டன். கார்ட் முடியுதெண்டு இந்த முறை சொல்லேல்லை.

"நேத்தையான் வடை பிறிட்ஜுக்கை கிடக்கு" எண்டன். "நாளைக்கும் பழுதாகாது."