தெரிந்த குழிகள்

ஏகாம்பரத்தின் வலது கட்டைவிரல் செத்துவிட்டது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த நர்ஸ், நரம்பு மெதுவாகத்தான் வரும், விரலைச் சும்மா வைக்காதே, ஆட்டிக்கொண்டே இரு என்றாள். அவன் ஆட்டினான். விரல் ஆடியது. ஆனால் அதன் மேல் சூடான டம்ளரை வைத்தால், யாரோ பக்கத்து லயத்தில் கதவைத் தட்டுகிற மாதிரிதான் இருந்தது.

பெடாஸ் சாலையில் மழையில் மோட்டார் சறுக்கி, லாரியின் பின்விளக்குக் கண்ணாடியில் மணிக்கட்டு கிழிந்திருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரனுக்கு வலது கைதான் எல்லாம். மரப்பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் தப்பினால் மரத்துக்குக் காயம். எந்த இடத்தில் கத்தியை நிறுத்த வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, கட்டைவிரல் சொல்லும். அது சொல்லவில்லை என்றால் தோட்டத்துப் பேர்ப் பட்டியலில் பேர் இருக்காது. பேர் இல்லை என்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு இல்லை. மனைவி பஞ்சாலைக்கும் வேலை இருந்தது, ஆனால் அது கன்ட்ராக்டரிடம் களைக்கு மருந்து அடிக்கிற வேலை. அதற்கு வீடு கிடையாது. வீடு முழுக்க அவன் பேரில்தான் நின்றது.

டிவி கேமைக் கொண்டுவந்து கொடுத்தது பஞ்சாலையின் தம்பி. செனவாங் ஃபேக்டரியில் வேலை, கையில் காசு புரளும் வயசு. "மாமா, விரலுக்கு இதவிட நல்ல எக்சர்சைஸ் இல்ல லா" என்று டிவியில் மாட்டிவிட்டுப் போனான். இருந்தது ஒரே ஒரு கேசட். அதில் தாடி வைத்த குள்ளன் ஒருவன் வலது பக்கம் பார்த்து ஓடுவான். அவன் ஓட ஓடத் திரை நகரும். குழி வரும், உருண்டு வரும் கல் வரும், மிதித்ததும் இடிகிற பாலம் வரும். இடது கையால் ஓட்ட வேண்டும், வலது கட்டைவிரலால் பட்டனை அமுக்கிக் குதிக்க வைக்க வேண்டும்.

முதல் நாள் முழுக்கக் குள்ளன் முதல் குழியில் விழுந்தான். ஏகாம்பரம் பட்டனை அமுக்கியதாக நினைத்த நேரத்தில் விரல் அமுக்கியிருக்கவில்லை. அமுக்கியபோது குள்ளன் குழிக்குள் பாதி போயிருந்தான்.

"உங்க குள்ளத் தம்பி மறுபடியும் விழுந்துட்டாரு போல" என்றாள் பஞ்சாலை, மீன் கழுவிக்கொண்டே.

"வாய மூடு."

"நான் மூடிக்கிறேன். அந்தக் குழிய யாரு மூடுறது?"

அவன் விடவில்லை. பஞ்சாலை வேலைக்குப் போனதும் உட்காருவான், அவள் வந்து மருந்து நாற்றம் போகக் குளித்துவிட்டு வரும்போதும் அங்கேயே இருப்பான். மெல்ல முதல் குழி தாண்டியது. பிறகு கல். கல் வருவதற்கு முன்னால் திரையின் மூலையில் ஒரு புதர் தெரியும். புதரைப் பார்த்ததும் அமுக்கினால் சரியாக இருந்தது. இடிகிற பாலத்தில் நிற்கக் கூடாது, கால் பட்டதும் அடுத்த குதி. வௌவால் மேலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு மூச்சு காத்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக வந்தது. குகை தாண்டி, ஆறு தாண்டி, கடைசி இரும்புக் கேட் வரைக்கும் போய்விட்டான். பக்கத்து வீட்டு மங்கம்மாகூட வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் காற்றில் ஒயர் ஆடியதோ என்னவோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் போய்விட்டது. திரை முழுக்கப் பூச்சி. ஏகாம்பரம் நிறுத்தவில்லை, அமுக்கிக்கொண்டே இருந்தான். பஞ்சாலை எழுந்து போய் டிவியின் பின்னால் ஒரு தட்டுத் தட்டினாள். படம் வந்தது. குள்ளன் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் பத்திரமாக நின்றான்.

"பாத்தியா!" என்று கத்தினான். "கண்ணு தெரியாமலே வெட்டுறேன் பாரு!"

பஞ்சாலை சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவன் போட்ட முதல் சத்தம் அது. மறுநாள் அவளே வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கருப்பண்ணனிடம் போய், தன் வீட்டுக்காரர் கை சரியாகிவிட்டது என்று சொன்னாள்.

மண்டோர் அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. இத்தனை மாதமும் அவன் பேரை வெட்டவிடாமல் ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி வைத்திருந்தது அவர்தான்.

"ஏகாம்பரம், புகைவீட்டுல ஒரு ஆள் வேலைய விட்டுப் போறான். ரப்பர் ஷீட் காயுறதுக்கு ராத்திரி முழுக்க வெறகு போடணும். கைக்கு நோவு இல்ல. பேரும் ஓடும், வீடும் ஓடும். என்னா சொல்ற?"

"கெழவன் பாக்குற வேல அது, மண்டோரே."

"கெழவனுக்கும் சோறு எறங்குதுடா."

"என் நிரைய என்கிட்ட குடுங்க. வெட்டிக் காட்டுறேன். ஒரு மரத்துல காயம் இருந்தா நானே போய் வெறகு தூக்குறேன்."

மண்டோர் பஞ்சாலையைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிவிக்கு முன்னால் அவனைப் பார்த்திருந்தாளே.

அந்தத் தோட்டத்தில் சோதனை என்றால் அவரவர் நிரையில்தான். ஆள் வழக்கமாக வெட்டும் வரிசையில் வெட்ட விடுவார்கள், மண்டோர் பின்னால் வந்து பார்ப்பார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். ஏகாம்பரம் கத்தியைப் பிடித்தான். ஒவ்வொரு மரத்தையும் அவனுக்குத் தெரியும். எந்த மரத்தில் முடிச்சு, எந்த மரத்தில் பட்டை மெல்லிசு, எது ஒரு பக்கம் சாய்ந்தது, எங்கே கை தூக்க வேண்டும். கை தானாகப் போய் தானாக நின்றது. மண்டோர் குனிந்து குனிந்து பார்த்தார். காயம் இல்லை.

"அட, பெரிய ஆளுடா நீ" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். புகைவீட்டு வேலை வீராசாமி என்ற இன்னொருவனுக்குப் போயிற்று.

அடுத்த மாதமே பழைய மரங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்களாம். ஏகாம்பரத்தின் நிரையும் அதில் இருந்தது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, சீட்டுக் குலுக்கிப் புது நிரை கொடுத்தார்கள். அவனுக்கு விழுந்தது புதுக்காடு. அப்போதுதான் முதன்முதலாகக் கத்தி படப்போகிற இளம் மரங்கள். பட்டை காகிதம் மாதிரி இருக்கும்.

முதல் மரத்தில் கத்தி வைத்தான். எப்போது நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. கத்தி உள்ளே இறங்கியது. விரலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பட்டைக்கு உள்ளே வெள்ளைக் கட்டை தெரிந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. இரண்டாவது மரத்தில் பயந்து மேலாக இழுத்தான், பாலே வரவில்லை. மூன்றாவதில் மறுபடியும் காயம். பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் காயத்தின் வழியாக வழிந்து, கோப்பைக்கு வெளியே போயிற்று.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு பெடாஸுக்குப் போனான். வீடியோ கடையில் பழைய கேசட்டைக் கொடுத்து வேறொன்று வாங்கி வந்தான். பஞ்சாலை வேலை முடிந்து வந்தபோது அவன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தாடிக்காரக் குள்ளன் இல்லை. வேறு ஏதோ சிவப்புச் சட்டை. முதல் குழியிலேயே விழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி விழுந்தது. அவள் பூட்ஸைக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"புதுசுல்ல. அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

"அதான் சொல்றேன், புதுசு."

"பழகப் பழக வரும்ங்க."

"பழகுனா வரும். கை வரல, பஞ்சாலை. நான் குழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அவ்வளவுதான்." சிவப்புச் சட்டை மறுபடி விழுந்தது. "பழகுறதுக்கு மரத்த யாரு குடுப்பா?"

அவள் பட்டன் தட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தட்டும் குழி வந்த பிறகுதான் கேட்டது.

மறுநாள் விடிவதற்கு முன் ஏகாம்பரம் பெரட்டுக் களத்தில் மண்டோரைத் தனியாகப் பிடித்தான்.

"மண்டோரே, அந்தப் புகைவீடு..."

"அதான் வீராசாமி போயிட்டானே. அவனுக்கு ரெண்டு புள்ள. எப்படிடா எறக்குவேன்?"

"வேற எதாச்சும்? புல்லு வெட்டு, எதுவா இருந்தாலும்."

"அதெல்லாம் கன்ட்ராக்டுக்குப் போயி எத்தன நாளாச்சு. உன் பொண்டாட்டியக் கேளு." மண்டோர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து மேனேஜர் புதுக்காட்டுப் பக்கம் வந்தாரு. எளம் மரம்டா, ஒரு காயம் பட்டா ஆயுசுக்கும் பட்டை சரியா வராது. நான் மறைக்க முடியாது. இன்னிக்கு என்ன உன் பின்னாலயே வரச் சொல்லியிருக்காரு."

"வாங்க."

"நீயா கை வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயேன். நான் வேற மாதிரி எழுதிக்கிறேன்."

"போனா இன்னிக்குப் பேர் போடுவீங்களா?"

மண்டோர் பேர்ப் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

புதுக்காட்டில் இன்னும் இருட்டாக இருந்தது. ஏகாம்பரம் நெற்றி விளக்கை ஏற்றிக்கொண்டு முதல் மரத்துக்குப் போனான். இடது கை விரலால் பட்டையைத் தடவிப் பார்த்தான், எவ்வளவு கனம் என்று. தெரிந்தது. ஆனால் அந்தக் கையில் கத்தி பிடிக்க வராது. வலது கையால் வெட்டினான். பின்னால் வந்த மண்டோர் குனிந்து பார்த்தார், சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, காயத்துக்கு அடையாளமாக மரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அடுத்த மரம். நிதானமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். அது தப்பித்தது. அதற்கடுத்தது தப்பிக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது பஞ்சாலை மருந்து டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். வேலைக்கு அது வழியே இல்லை, சுற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். ஓரத்து மரத்தில் குறியைப் பார்த்தாள். வெட்டிய வரைக்கும் வெள்ளையாக அங்கங்கே தெரிந்தது. அவள் மண்டோரைப் பார்த்தாள். மண்டோர் சாக்கட்டி இருந்த கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"டீ குடிச்சீங்களா?" என்று கேட்டாள் ஏகாம்பரத்திடம்.

"முடிச்சிட்டுக் குடிக்கிறேன்."

"தம்பிகிட்ட சொல்லி செனவாங்ல ஒரு ரூம் பாக்கச் சொல்லவா?"

அவன் கத்தியைச் சட்டையில் துடைத்தான். முக்கால்வாசி மரங்கள் இன்னும் பாக்கி இருந்தன. அடுத்த மரத்துக்குப் போய்க் கத்தியை வைத்தான். மண்டோர் அவள் நகர்ந்து போகும்வரை காத்திருந்தார், அவள் போகவில்லை என்றதும் அவரும் அடுத்த மரத்துக்கு வந்தார்.