தென்றல் கட்டிய பிராது

கொளஞ்சியப்பர் கோயிலில் தன்மேல் யாரோ பிராது கட்டியிருக்கிறார்கள் என்ற சேதி, சூளை வாசலில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நந்தகுமாருக்கு வந்தது. கொண்டுவந்தவன் மாணிக்கவேல். விருத்தாசலத்தில் நந்தகுமார் நடத்துகிற சின்ன பீங்கான் யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தாளாம். ஐயர் சீட்டை வாங்கிப் படித்தது காதில் விழுந்ததாம்.

"பேரு, தெரு, கம்பெனி எல்லாம் நம்மளுதுதாண்ணே. யாரு கட்டுனதுன்னு பாக்கறதுக்குள்ள கும்பல் தள்ளிட்டுப் போயிடுச்சாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. ஊருக்குப் பக்கத்திலேயே மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பர், நம் முருகன்தான். ஆனால் அவரிடம் வேண்டுதலை விடக் கேஸ்தான் அதிகம் வரும். இன்னார் எனக்கு இன்ன குறை வைத்தார் என்று கோர்ட்டு மனு மாதிரியே எழுதிச் சாமி காலில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வந்தால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு ஆகிவிடும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும் கட்டினவரே போய் ராஜினாமா கொடுத்து முடிக்க வேண்டும். எதிராளி போய்க் காலில் விழுந்தாலும் கேஸ் முடியாது. ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தால் அதை ஆடிட்டர் பக்கம் தள்ளிவிட்டு வடை சாப்பிடுகிற நந்தகுமாருக்கு, இந்தச் சேதியைக் கேட்டதும் டீ இறங்கவில்லை.

யாராக இருக்கும்? களிமண் லாரிக்காரனிடம் போன வாரம் சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. கம்மாபுரத்து அக்கா அம்சவல்லியின் பேத்தி காதுகுத்துக்குப் போகாததும் ஞாபகம் வந்தது. அக்கா செய்யக்கூடியவள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மோகனப்பிரியாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேற யாரு, நம்ம தென்றலுதாங்க."

"யாரு?"

"நீங்க பெத்த பொண்ணுதான். நான்தான் கூட்டிட்டுப் போனேன். கேக்கறது நியாயமா இருந்துச்சு, கட்டிட்டு வான்னு வுட்டுட்டேன்."

தென்றலுக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. காட்டுக்குப் போகலாம், யானை பார்க்கலாம் என்று அப்பா பொங்கலுக்குச் சொன்னார். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சூளையின் கேஸ் பர்னர் அடைத்துக்கொண்டது. கோடை லீவுக்குச் சொன்னார். துணிமணி எல்லாம் பையில் போன பிறகு ஒரு லோடு பீங்கான் ஃப்யூஸ் கேரியர் அவசரமாக வேண்டும் என்று போன் வந்தது. இரண்டு தடவையும் பை பிரிக்கப்பட்டு, துணி பீரோவுக்குத் திரும்பியது. ஐந்து வயது பாரி அழுது ஓய்ந்தான். தென்றல் அழவில்லை. சட்டப்படி போய்விட்டாள்.

அவள் கேட்டிருந்தது இதுதான். எங்கள் அப்பா என்னையும் தம்பியையும் காட்டுக்குக் கூட்டிப்போய், கூண்டில் இல்லாத புலியைக் காட்ட வேண்டும்.

கூட்டிப்போவது ஆகிற காரியம். புலியை வரச் சொல்வது யார்? யூனிட்டில் அன்றைக்கு வேலை நடக்கவில்லை. ஆளாளுக்கு வக்கீலாகிவிட்டார்கள். வண்டலூருக்குக் கூட்டிப்போய் அகழிக்கு அந்தப் பக்கம் நிற்கிற புலியைக் காட்டிவிடலாம், அகழி கூண்டு ஆகாது என்றான் மாணிக்கவேல். சாமியை ஏமாற்றின பாவம் யாருக்கு வரும் என்று நந்தகுமார் கேட்டார். அப்படியென்றால் பாப்பாவையே மனுவைத் திருத்தி எழுதச் சொல்லலாம், புலி என்கிற இடத்தில் மான் என்று போட்டால் போதும் என்றார் பெயிண்ட் அடிக்கிற வேல்விழி. அன்றைக்குச் சாயந்திரம் ஒரு பெரிய சாக்லேட்டோடு நந்தகுமார் அதற்கும் முயற்சி செய்து பார்த்தார். தென்றல் சாக்லேட்டை வாங்கித் தம்பிக்குப் பாதி கொடுத்தாள். புலியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நந்தகுமார் திட்டம் போட்டதைப் பார்த்திருக்க வேண்டும். காலாண்டுப் பரீட்சை லீவுக்கு முதுமலை என்று முடிவானது. காலையில் முதல் வண்டியில் போனால் புலி தெரிய வாய்ப்பு அதிகம், தண்ணீர்க் குட்டைப் பக்கம் உட்காரும், மழை பெய்தால் ரோட்டுக்கு வரும் என்று ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவே பாடம் எடுத்தார். சிவப்புச் சட்டை கூடாது என்று யாரோ சொல்ல, மங்கலம்பேட்டை கடைக்குப் போய் நாலு பேருக்கும் பச்சையில் எடுத்து வந்தார். பாரியின் சட்டையில் மட்டும் நெஞ்சு நிறைய ஒரு சிங்கம் சிரித்துக்கொண்டிருந்தது. வேறு பச்சை அவன் சைஸுக்கு இல்லையாம். மோகனப்பிரியா புளிசாதம், எள்ளுருண்டை, மாத்திரை, பிளாஸ்டிக் கவர் என்று தன் பங்குக்கு ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கார் போகிறது என்று கேள்விப்பட்டதும் அம்சவல்லி அக்கா போன் போட்டு, போகிற வழியில் மருதமலை, வருகிற வழியில் பண்ணாரி, பின் சீட்டில் தனக்கு ஜன்னலோரம் என்று பாதி ராஜ்ஜியத்தை எழுதி வாங்கப் பார்த்தாள். பண்ணாரிப் பிரசாதம் வாங்கி வருகிறோம் என்று மோகனப்பிரியா தன்மையாகப் பேசி அதை முடித்தாள்.

தங்குவதற்கு மசினகுடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டைப் பிடித்தார் நந்தகுமார். அதற்கு முன்னால் ஏழெட்டு இடத்துக்குப் போன் செய்து எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டார். ரூமில் டவர் கிடைக்குமா, பால்கனியில் கிடைக்குமா, சாப்பிடுகிற இடத்தில் கிடைக்குமா. காரணம் இருந்தது. அதே லீவில் பாண்டிச்சேரி ஆர்டருக்குச் சூளை ஏற்றியாக வேண்டும். சூடு எவ்வளவு, எப்போது அணைப்பது, எப்போது கதவைத் திறப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் அங்கே நடக்கும். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் மாணிக்கவேல் அவசரப்பட்டுக் கதவைத் திறந்து, ஆறாத சரக்கில் காற்று பட்டு, ஒரு லோடு முழுக்க விரிசல் விட்டுவிட்டது. அன்றிலிருந்து நந்தகுமார் சொல்லாமல் அந்தக் கதவு திறந்ததில்லை.

எல்லாம் முடிந்து, ஒரு சனிக்கிழமை சாயந்திரம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரிசார்ட்டுப் படங்களைப் போனில் காட்டினார். நீச்சல் குளம் வந்ததும் பாரி சிங்கச் சட்டையோடு குதித்தான். தென்றல் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்க டவர் இருக்குதாப்பா?"

"ஃபுல்லா இருக்குது. பாத்ரூம்ல கூட கெடைக்கும்னு சொன்னாங்க."

நந்தகுமார் பெருமையாகத்தான் சொன்னார். தென்றல் போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அப்ப நான் ராஜினாமா குடுக்க மாட்டேன்."

"ஏம்மா, புலி பாக்கதான போறோம்?"

"காவியா அப்பா குவைத்துலேர்ந்து வந்தப்ப அவங்க காட்டு பங்களாவுல தங்குனாங்க. அங்க டவரே இல்ல. அவங்க அப்பா ரெண்டு நாளும் போன எடுக்கவே இல்லியாம். அவகூட கல்லாங்கா ஆடுனாராம். அதுக்குத்தான் காடுன்னு எழுதுனேன்."

"அப்ப புலி?"

"காட்டுக்குன்னா நீ ஒரு மணி நேரத்துல திரும்பிடுவ. புலின்னா தேடணும் இல்ல?"

மோகனப்பிரியா அடுப்படியில் எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டாள். சிரித்தாளா என்ன என்று தெரியவில்லை. நந்தகுமார் கையிலிருந்த போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. மாணிக்கவேல். தென்றல் அதைப் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். தம்பியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர் போனை எடுக்கவில்லை. அடித்து ஓய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போன் போட்டார். ஆர்டரை ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். சூளையை முன்னாலேயே ஏற்றலாம் என்றால் சரக்கு காயவில்லை. திங்கட்கிழமை ரிசார்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காட்டு இலாகாக்காரர்களின் ஓய்வு விடுதியில் இடம் கேட்டார். இந்தத் தடவையும் டவரைப் பற்றித்தான் விசாரித்தார். சுத்தமாகக் கிடைக்காதுங்க என்றார் எதிர்ப்பக்கத்துக்காரர், மன்னிப்புக் கேட்கிற குரலில். ரொம்ப நல்லதுங்க என்றார் நந்தகுமார்.

அப்புறம் மாணிக்கவேலைக் கூப்பிட்டுச் சூளைக்கு முன்னால் நிறுத்தினார். எல்லாம் உனக்குத் தெரியும், போன வருஷம் நடந்தது உனக்கே நன்றாகத் தெரியும், கதவு சாவி இனி உன்னிடம் என்றார். மாணிக்கவேல் சாவியை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாண்ணே. சந்தேகம் வந்தா யாரக் கேப்பேன்?"

"சந்தேகம் வந்தா தொறக்காத. அவ்ளோதான்."

"மறுபடி வெடிச்சுதுன்னா?"

"வெடிச்சா ஒக்காந்து ரெண்டு பேரும் மறுபடி செய்வோம். எம்பொண்ணு மறுபடி பை கட்டமாட்டாடா."

மாணிக்கவேல் சாவியை வாங்கி அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். அதோடு விட்டானா? ஒரு பிராது நானும் கட்டிவிட்டு வரட்டுமா, சூளைமேல், என்று கேட்டான். நந்தகுமார் அவனை முறைத்தார்.

புதன்கிழமை கிளம்பினார்கள். பாரி உளுந்தூர்பேட்டைக்குள்ளேயே ஒரு தடவை வாந்தி எடுத்து, பிளாஸ்டிக் கவர் அடுக்கிய மோகனப்பிரியாவின் மதிப்பை உயர்த்தினான். மலையேறி முடித்ததும் நந்தகுமாரின் போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. கடைசிக் கோடு இருந்தபோது வண்டியை ஓரம் கட்டினார். சூளை இந்நேரம் உச்சச் சூட்டில் இருக்கும். ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். கண்ணாடியில் பார்த்தார். தென்றல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் சீட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் விடியற்காலையில் காட்டு இலாகா வண்டி கிளம்பியது. பனி இன்னும் புல்மேல் இருந்தது. நாலு பேரும் பச்சையில், ஏதோ பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மான் கூட்டம் வந்தது. ஒரு காட்டெருமை ரோட்டை மறித்து நின்று எல்லோரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்தது. யானைக்குட்டி ஒன்று தன் அம்மாவின் வயிற்றுக்கடியில் போய் ஒளிந்தபோது பாரி கையைத் தட்டப்போனான், மோகனப்பிரியா இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நந்தகுமார் மட்டும் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மூங்கில் புதர், பாறை நிழல், ஓடைக்கரை என்று ஒவ்வொரு மறைவாகத் துழாவிக்கொண்டே வந்தார். வண்டி திரும்பப் போகிறது என்று தெரிந்ததும் டிரைவரின் தோளைத் தொட்டு, இன்னொரு பக்கம் போகலாமா, குட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டிரைவர் சிரித்துக்கொண்டே, அது நம்மளப் பாத்துட்டுதான் இருக்குங்க சார், நமக்குத்தான் தெரியல என்றார்.

தென்றல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யப்பா, இந்தப் பக்கம் பாரு. மரத்துல."

ஒரு பெரிய அணில், பூனை உயரத்துக்கு, செம்பட்டை நிறத்தில் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதையோ கொறித்துக்கொண்டிருந்தது.

"புலி வரலியேம்மா. கேஸு என்னாவும்?"

"அத வூட்டுக்குப் போயி பேசிக்கலாம். நீ அதப் பாரு, அது வாயில ரெண்டு பழம் வெச்சிருக்குது."

நந்தகுமார் பார்த்தார். ஒரு பழம்தான் தெரிந்தது. இரண்டு என்று அவள் அடித்துச் சொன்னாள். டிரைவர் வண்டியை நிறுத்த, அப்பனும் மகளும் ஒரே ஜன்னலில் தலையை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.